நடுவில் ஓடும் படகு

துறைமுகத்தை விட்டுப் போர்க்கப்பல் கிளம்பும்போது அதைச் சுற்றி ஓடும் சின்னக் காவல் படகுகளைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். பதினோரு வருஷம் அந்தப் படகுகளில் சுக்கான் பிடித்தவன் நான். அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஏவுகணை, பீரங்கி, ரேடார் எல்லாம் இருக்கிற கப்பலுக்கு, ஒரு இயந்திரத் துப்பாக்கியும் நாலு ஆட்களும் உள்ள படகு எப்படிக் காவலாக முடியும்? யானைக்கு ஆட்டுக்குட்டி காவலா?
*(கல்லூரி மாணவி ஒருவர்)*

நல்ல கேள்வி அம்மா. யானையையே எடுத்துக்கொள்வோம். காட்டில் அதை யாரும் நெருங்க முடியாது. அதே யானையை ஒரு குறுகிய சந்துக்குள் நிறுத்திப் பாருங்கள். திரும்ப இடமில்லை, ஓட இடமில்லை, காலடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. துறைமுக வாய்க்குள் நுழையும் போர்க்கப்பலின் நிலை இதுதான். ஆழ்கடலில் முப்பது நாட் (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்) வேகத்தில் போகிற கப்பல் அங்கே ஏழெட்டு நாட் வேகத்தில் ஊர்ந்து போகும். ஒதுங்க நினைத்தால் தரை தட்டும். பெரிய பீரங்கியின் குழல் ஓர் அளவுக்கு மேல் கீழே குனியாது. பக்கத்திலேயே வந்துவிட்ட படகை அதனால் சுட முடியாது. கரைக்குப் பக்கத்தில் ரேடார் திரையில் மிதவை, தோணி, அலை எல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதில் கெட்ட புள்ளி எது என்று கண்டுபிடிப்பது சுலபமில்லை.

2000 அக்டோபர் 12 அன்று ஏமன் நாட்டின் ஏடன் துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படையின் 'கோல்' எரிபொருள் நிரப்பிக்கொண்டு நின்றது. 154 மீட்டர் நீளமுள்ள ஏவுகணை நாசகாரிக் கப்பல். இரண்டு பேர் ஒரு சின்னப் படகில் வந்தார்கள். துறைமுக வேலைப் படகு என்றுதான் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. கப்பலை ஒட்டி வந்ததும் வெடித்தது. பக்கவாட்டில் கிட்டத்தட்ட 12 மீட்டர் உயரமும் 18 மீட்டர் அகலமுமாகத் துளை விழுந்தது. 17 மாலுமிகள் இறந்தார்கள். கப்பலில் இருந்த ஏவுகணைகளால் அந்த நிமிடத்தில் ஒரு பயனும் இல்லை.

அதே ஆண்டு ஜனவரி 3 அன்று அதே துறைமுகத்தில் 'தி சல்லிவன்ஸ்' என்ற கப்பலையும் இப்படித் தாக்கப் பார்த்தார்கள். வெடிமருந்துப் பாரம் தாங்காமல் படகு தானாகவே மூழ்கிப்போனதால் கப்பல் தப்பியது. அது நடந்ததுகூட அப்போது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். நாற்பது நாட் வேகத்தில் வரும் படகு ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் கடக்கும். ஐந்நூறு மீட்டரில் அதைப் பார்த்தீர்கள் என்றால் உங்கள் கையில் இருப்பது 24 விநாடி. அதற்குள் பார்க்க வேண்டும், சந்தேகப்பட வேண்டும், எச்சரிக்க வேண்டும், அவன் திரும்புகிறானா என்று காத்திருக்க வேண்டும், மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும், முடிவெடுக்க வேண்டும். மேல்தளத்தில் நிற்கிற இருபது வயதுப் பையனுக்கு இது போதுமா? எங்கள் படகு ஆயிரம் மீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருந்தால், அந்தச் சந்தேகம் ஆயிரம் மீட்டருக்கு அப்பாலேயே தொடங்கிவிடும். கப்பலுக்கு நாங்கள் கொடுப்பது நேரம். துப்பாக்கி அதற்கு அப்புறம்தான்.

கேள்வி: படகுகள் எப்படி வரிசை கட்டிப் போகும்? கல்யாண ஊர்வலம் மாதிரி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டா?
*(பள்ளி ஆசிரியர் ஒருவர்)*

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். உள்ளே இருக்கிறவனுக்கு வரிசை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு பக்கம் கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் வருகிறவனுக்கும் கப்பலுக்கும் நடுவில் நான் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கட்டளை. அவன் இடதுபக்கம் நகர்ந்தால் நானும் நகர வேண்டும், வலதுபக்கம் நகர்ந்தாலும் நகர வேண்டும். கபடியில் கோட்டைக் காக்கிற ஆளின் வேலைதான்.

புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். கப்பலைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள். அவ்வளவு பெரிய இரும்பு பக்கத்தில் நகரும்போது கண் தானாக அங்கேதான் போகும். நான் அவர்கள் தலையைப் பிடித்தே வெளிப்பக்கம் திருப்பியிருக்கிறேன். கப்பல் எங்கே இருக்கிறது என்பதை ஓரக்கண்ணும் காதும் சொல்லிவிடும். கடலைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் சூரியன் இருக்கிற பக்கத்தை இரண்டு மடங்கு பார்க்க வேண்டும். தண்ணீர் மின்னுகிற அந்தப் பக்கத்தில் ஒரு படகு வந்தால் கடைசி நிமிடம் வரை தெரியாது.

எதிரில் வருகிற படகு நம் மேல்தான் வருகிறதா, தன் வழியில் போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாலுமிகளின் மிகப் பழைய வித்தை ஒன்று இருக்கிறது. அது தெரிகிற திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். திசை மாறியிருந்தால் அவன் முன்னாலோ பின்னாலோ கடந்து போய்விடுவான். திசை அப்படியே இருந்து தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மோதல். விபத்தைத் தவிர்க்க எல்லா மாலுமிக்கும் கற்றுத்தரும் பாடம் இது. காவல் படகில் இருக்கிறவனுக்கு இதுதான் மூச்சு. ஆனால் பார்க்க வேண்டியது என் படகிலிருந்து தெரிகிற திசையை அல்ல, கப்பலிலிருந்து தெரிகிற திசையை. அதனால் மேல்தளத்தில் இருக்கிறவரோடு வயர்லெஸ்ஸில் பேச்சு ஓயவே கூடாது.

துரத்துவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின்னாலேயே ஓடிப் பிடிக்க நினைத்தால் அவன்தான் ஜெயிப்பான். அவன் போகப்போகிற இடத்துக்கு நான் முன்கூட்டியே போய்விட வேண்டும். பக்கத்தில் வந்ததும் நேராக மோதக்கூடாது. அவனோடு ஒரே திசையில் தோளோடு தோளாக ஓடி, அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, கொஞ்சம் கொஞ்சமாக அவன் பக்கம் சாய்த்துக்கொண்டே வந்தால், அவன் வழி தானாகக் கப்பலை விட்டு விலகும். சந்தையில் மாட்டை ஓரம் கட்டுகிறவர் கையில் கம்பு இருந்தாலும் தோளைத்தானே கொடுப்பார். கெட்ட எண்ணம் இல்லாதவன் இந்த இடத்தில் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிடுவான். வேகத்தைக் கூட்டினால் நமக்கு விடை கிடைத்துவிட்டது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, போகாமல் இருப்பது. ஒரு பக்கம் சந்தேகப்படும்படி ஒரு படகு தெரிந்தால் எல்லாப் படகும் அங்கே பாயத் துடிக்கும். அந்தப் படகு தூண்டில் இரையாக இருந்தால்? மறுபக்கம் காலி. ஒரு படகுதான் போக வேண்டும். மற்றவை தங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வயர்லெஸ்ஸில் சத்தம் கேட்டுக்கொண்டே, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனைத்தான் நான் நல்ல மாலுமி என்பேன்.

கேள்வி: இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது?
*(ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர்)*

சின்னப் படகால் பெரிய கப்பலைக் கொல்ல முடியும் என்று ஆன நாளிலிருந்து. 1866-இல் ராபர்ட் வைட்ஹெட் தண்ணீருக்கடியில் தானாக ஓடிப் போய் வெடிக்கும் டார்பிடோவைச் செய்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் நீராவிப் படகுகள் அதைச் சுமந்துகொண்டு வந்தன. போர்க்கப்பல்களைக் காப்பாற்ற, அந்தப் படகுகளை வேட்டையாடுகிற வேகமான கப்பல் தேவைப்பட்டது. பிரிட்டன் 1893-இல் 'ஹேவக்' என்ற கப்பலைக் கடலில் இறக்கியது. அந்த வகைக்கு 'டார்பிடோ படகு நாசகாரி' என்று பெயர். பிறகு முதல் இரண்டு சொல்லும் உதிர்ந்து 'நாசகாரி' மட்டும் மிஞ்சியது. மேலே சொன்ன 'கோல்' அந்த வம்சம்தான். காவலுக்கென்று பிறந்தது நூறு வருஷத்தில் வளர்ந்து, தனக்கே காவல் கேட்கிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் 1941 மார்ச் 26 அன்று கிரீட் தீவின் சூடா விரிகுடாவில் இத்தாலியர்கள் ஆறு வெடிமருந்துப் படகுகளை அனுப்பினார்கள். ஓட்டுகிறவர் சுக்கானைப் பூட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் குதித்துவிடுவார். பிரிட்டனின் 'யார்க்' என்ற போர்க்கப்பல் அடிபட்டுத் தரைதட்டியது. மறுபடி கடலுக்குப் போகவே இல்லை. துறைமுகத்துக்குத் தடுப்புகள் இருந்தன. படகுகள் அவற்றைத் தாண்டி வந்துவிட்டன.

1945-இல் ஒகினாவாவில் ஜப்பானியரின் தற்கொலைப் படகுகளைத் தேடி இரவெல்லாம் சுற்றிய அமெரிக்கச் சிறு படகுக் காவலுக்கு 'ஈப்பிடிப்பான்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குருவி கிளையில் அமர்ந்தபடி பார்த்துக்கொண்டே இருக்கும், பூச்சி பறந்ததும் பாயும், திரும்பக் கிளைக்கே வந்து உட்காரும். எங்கள் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: நீர்மூழ்கிக் கப்பலுக்குமா காவல் படகு?
*(பத்தாம் வகுப்பு மாணவர்)*

அதற்குத்தான் அதிகம் தேவை தம்பி. கடலடியில் அதைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். துறைமுகத்துக்கு வர மேலே வந்தாக வேண்டும். அப்போது முதுகு மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும், வேகமும் கிடையாது, கோபுரத்தின் உச்சியில் நிற்கும் இரண்டு மூன்று பேர்தான் கண்கள். அதன் உடம்பில் ஓட்டை விழுந்தால் மற்றக் கப்பல்களைப் போல மிதந்து சமாளிக்கவும் இடம் குறைவு. அமெரிக்காவில் கிங்ஸ் பே, பேங்கர் என்ற இரண்டு தளங்களில் அணு நீர்மூழ்கிகள் போய்வருவதற்காகவே கடலோரக் காவல்படை தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறது.

கேள்வி: அண்ணே, நாங்கள் கடலுக்குப் போகிறவர்கள். வலை இழுத்துக்கொண்டே ஒரு போர்க்கப்பல் பக்கம் போய்விட்டால் என்ன செய்வது? எங்களைப் பார்த்தால் எதிரி மாதிரியா தெரியும்?
*(ஃபைபர் படகு வைத்திருக்கும் மீனவர் ஒருவர்)*

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

2012 ஜூலை 16 அன்று துபாய்க்கு அருகே 'ராப்பஹானக்' என்ற அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் கப்பலிலிருந்து ஒரு மீன்பிடிப் படகை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். படகில் இருந்தவர்கள் நம் ஆட்கள், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். ஒருவர் இறந்தார், மூன்று பேர் காயப்பட்டார்கள். எச்சரித்தோம், படகு விலகவில்லை என்றது கப்பல் தரப்பு. எந்த எச்சரிக்கையும் எங்களுக்கு வரவில்லை என்றார்கள் தப்பியவர்கள்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மேல்தளத்தில் துப்பாக்கியோடு நின்றவனின் கண்ணில் 'கோல்' இருந்திருக்கும். படகில் இருந்தவர்கள் மனத்தில் மீன் இருந்திருக்கும். நடுவில் யாருமே இல்லை. ஒரு காவல் படகு நடுவில் ஓடியிருந்தால், முப்பது மீட்டர் பக்கத்தில் போய்க் கையை ஆட்டி, முகத்தைப் பார்த்து, படகில் வலையும் ஐஸ் பெட்டியும் இருப்பதைக் கண்டு, 'திரும்பிப் போ' என்று சைகை காட்டியிருக்கும். ஐந்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் பிழைத்திருக்கும். காவல் படகு கப்பலை மட்டும் காப்பாற்றுகிறது என்று நினைக்காதீர்கள். அது உங்களையும் காப்பாற்றுகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போர்க்கப்பலையோ அதைச் சுற்றி ஓடும் படகையோ பார்த்தால் முதலில் வேகத்தைக் குறையுங்கள். எதற்கும் முன்னால் இது. வேகத்தைக் குறைக்கிற படகைக் கண்டு அவ்வளவாகப் பயப்பட மாட்டார்கள். கப்பலின் அணியத்துக்குக் குறுக்கே ஓடி முந்திப் போக நினைக்காதீர்கள். அந்த அவசரத்தைத்தான் தாக்குதல் என்று எடுத்துக்கொள்வார்கள். வயர்லெஸ் இருந்தால் சேனல் 16-இல் வைத்திருங்கள். வார்த்தை புரியாவிட்டாலும் பதில் குரல் கொடுங்கள். ஐந்து குட்டைச் சங்கு தொடர்ந்து கேட்டால், 'நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை' என்று அர்த்தம். இது எல்லாக் கடலிலும் ஒரே விதி. படகில் இருக்கிற எல்லோரும் எழுந்து நின்று வெறுங்கையைக் காட்டுங்கள். வலை கடலில் கிடந்தால் அதைக் கையால் காட்டுங்கள். வலையோடு கிடக்கிற படகால் சட்டென்று திரும்ப முடியாது என்று காவல் படகை ஓட்டுகிற நல்ல காக்ஸ்வைனுக்குத் தெரியும்.

எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க நீர்ப்பரப்பில் 100 அடிக்கு மேல் நீளமுள்ள அவர்கள் கடற்படைக் கப்பலைச் சுற்றி 500 கஜத்துக்குள் வந்தால் வேகத்தை மிகக் குறைக்க வேண்டும். 100 கஜத்துக்குள் அனுமதியில்லாமல் வரவே கூடாது. அதாவது 457 மீட்டர், 91 மீட்டர். மேலே சொன்ன வேகத்தில் அந்த 91 மீட்டர் என்பது நாலரை விநாடி. அவர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பது இதிலிருந்தே உங்களுக்குப் புரியும்.

கேள்வி: காவல் படகே அடி வாங்கிய சம்பவம் உண்டா?
*(வாசகர் ஒருவர்)*

உண்டு. நமக்கு மிக அருகிலேயே. 2006 மே 11 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட படையினரை ஏற்றிக்கொண்டு 'பேர்ல் குரூஸ் 2' என்ற கப்பல் இலங்கையின் வடக்கே போய்க்கொண்டிருந்தது. கடற்புலிகளின் படகுகள் கூட்டமாக அதை நோக்கி வந்தன. காவலுக்கு வந்த டோரா என்ற கடற்படையின் வேகத் தாக்குதல் படகுகள் நடுவில் போய் நின்றன. ஒரு டோரா வெடித்து மூழ்கியது. கப்பல் தப்பியது. அந்தக் கடலில் இரண்டு பக்கமும் இறந்த பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. மேற்கொண்டு எழுத முடியவில்லை. இலங்கைக் கடற்படை அதற்குப் பிறகு சின்னச் சின்ன 'ஏரோ' (அம்பு) படகுகளைக் கூட்டம் கூட்டமாக இறக்கியது. கூட்டத்தைக் கூட்டத்தால்தான் தடுக்க முடியும் என்று அங்கே முடிவுக்கு வந்தார்கள்.

வேறு மாதிரியான ஒன்றையும் சொல்கிறேன். 1987 ஜூலை 24 அன்று பாரசீக வளைகுடாவில் 'பிரிட்ஜ்டன்' என்ற ராட்சத எண்ணெய்க் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் காவலோடு கூட்டிப் போயின. எண்ணெய்க் கப்பல் கண்ணிவெடியில் இடித்தது. அது தாங்கிக்கொண்டு தொடர்ந்து போனது. போர்க்கப்பல்கள் அதற்குப் பின்னால் போய் வரிசையாக நின்றுகொண்டன. இன்னொரு கண்ணி இருந்தால் மெல்லிய உடம்புள்ள அவை தாங்காது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பது என் கருத்து. எந்த ஆபத்தைத் தடுக்க வந்தோமோ அதற்கு மட்டும்தான் காவல் பயன்படும். தண்ணீருக்கு மேலே பார்க்கிறவனுக்குக் கீழே இருப்பது தெரியாது.

கேள்வி: இப்போது ஆளில்லாப் படகுகள் வந்துவிட்டன. இனிக் காவல் படகுக்கு வேலை இருக்குமா?
*(பொறியாளர் ஒருவர்)*

இதை நானும் நிறைய யோசித்திருக்கிறேன். 2024 பிப்ரவரி 1 அன்று கிரைமியாவின் டோனுஸ்லாவ் ஏரியில் ரஷ்யாவின் 'இவானவெத்ஸ்' ஏவுகணைக் கப்பலை உக்ரைனின் ஆளில்லாப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடித்து மூழ்கடித்தன. இரண்டு வாரத்துக்குள் 'சீசர் குனிக்கோவ்' என்ற, படைகளைக் கரையில் இறக்கும் கப்பலும் அதே கதியானது. தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்வாக வருகிற படகு, இரவு நேரம், ஒன்றைச் சுட்டால் இன்னொன்று.

நான் மேலே எழுதியவற்றில் பாதி இங்கே செல்லாது. முகத்தைப் பார்க்க ஆள் இல்லை. கையைக் காட்டினால் புரிந்துகொள்ள ஆள் இல்லை. தோள் கொடுத்தால் கூச்சப்பட்டு விலகவும் ஆள் இல்லை. ஆட்களோடு ஒரு படகை அதற்குக் குறுக்கே அனுப்புவது அந்த நாலு பேரையும் சாகச் சொல்வதுதான். ஆகவே நடுவில் ஓடுகிற படகும் ஆளில்லாமல் ஆக வேண்டும். துறைமுக வாயில் மிதவைத் தடுப்பும் வலையும் வேண்டும், மேலேயிருந்து பார்க்க ஹெலிகாப்டர் வேண்டும். ஆனால் ஆளில்லாத காவல் படகு, மீன் பிடிக்கிற ஃபைபர் படகையும் வெடிக்க வருகிற படகையும் பிரித்துப் பார்க்குமா? அந்த முடிவை மட்டுமாவது ஒரு மனிதன் திரையில் பார்த்து எடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: உங்களுக்குப் பயமே வந்ததில்லையா?
*(இல்லத்தரசி ஒருவர்)*

வந்திருக்கிறது அம்மா. ஒருநாள் விடியற்காலை நாலு மணி இருக்கும். கப்பல் வெளியே போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு புள்ளி. விளக்கு இல்லை, நகரவில்லை, சரியாகக் கப்பல் போகிற வழியில். என் படகைத்தான் அனுப்பினார்கள். கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. தேடல் விளக்கை அடித்தோம். தார்ப்பாய்க்கு அடியில் ஏதோ குவியலாகத் தெரிந்தது. முன்னால் துப்பாக்கி பிடித்திருந்த பையனின் மூச்சுச் சத்தம் எஞ்சின் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது. 'நான் சொல்லும்வரை விரல் வெளியே இருக்கட்டும்' என்றேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

இருபது மீட்டரில் தார்ப்பாய் அசைந்தது. ஒரு பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான். பக்கத்தில் அவன் அப்பா. எஞ்சின் கெட்டுப்போய், பேட்டரியும் இறங்கி, விடியட்டும் என்று படுத்தவர்கள் அசந்து தூங்கிவிட்டார்கள். கயிறு போட்டு அவர்களை வழியை விட்டு இழுத்தோம். கப்பல் கடந்து போனபோது அதன் அலையில் அந்தப் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. பையன் என் கையைப் பிடித்துக்கொண்டே கப்பலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.